11 வருட கீசர்: சத்தம், சொட்டு, டிரிப். போனது காயிலா, டேங்கா?

நாலாம் மாடி (கேள்வி)

வணக்கம். எங்கள் குளியலறைச் சுவரில் 25 லிட்டர் கீசர் ஒன்று மாட்டியிருக்கிறது. 2000 வாட், நின்றவாக்கில் மாட்டும் வகை. வாங்கி 11 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. மேலே தூசி தட்டியதோடு சரி.

இரண்டு மாதமாக ஒவ்வொன்றாக ஆரம்பித்திருக்கிறது. முதலில் வந்தது சத்தம். சுவிட்சைப் போட்ட ஐந்தாறு நிமிடத்தில் உள்ளே யாரோ கூழாங்கற்களை உருட்டுவது போல ஒரு கடகடப்பு. அப்புறம் சுடுதண்ணீர் போதாமல் போனது. முன்பு இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளிப்போம். இப்போது முதல் ஆள் முடிப்பதற்குள் வெதுவெதுப்பாகி விடுகிறது. ஆனால் கீசரில் இருக்கிற விளக்கு என்னவோ முன்பைவிடச் சீக்கிரமாகவே அணைந்துவிடுகிறது, அதுதான் புரியவில்லை. மூன்றாவது, அடியில் சொட்டு. போன வாரத்திலிருந்து நான்காவதும் சேர்ந்துகொண்டது: ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டை வெட்டிவிடும் சுவிட்ச்) விழுகிறது. போட்டவுடன் இல்லை, பத்துப் பன்னிரண்டு நிமிடம் சூடான பிறகு. வீடே இருட்டாகிவிடும். அப்பா தலை முழுக்கச் சோப்போடு இருட்டுக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்தார். "ஆர்சிசிபி ரொம்ப சென்சிட்டிவ் சார், கீசருக்கு மட்டும் அதைத் தாண்டி நேராக ஒரு லைன் இழுத்துவிட்டால் விழவே விழாது" என்றார். பிளம்பர் வந்து, சொட்டுவது சேஃப்டி வால்வுதான், வாயில் ஒரு பிளக் போட்டு அடைத்துவிடலாம் என்றார். கடையில் கேட்டால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். கடைக்காரர் வேறு என்ன சொல்வார்!

மூன்று பேர், மூன்று வைத்தியம். என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது, ஓம் பார்க்கத் தெரியும், அதற்கு மேல் பெரிய அனுபவம் கிடையாது. காயிலை மாற்றினால் போதுமா, இல்லை முழுசாக மாற்றத்தான் வேண்டுமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கொடிக்கயிறு

11 வருடம் உழைத்ததே பெரிது. இதில் ஆராய்ச்சி எதற்கு? கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள்.

பழைய ஸ்பேனர்

தம்பி, எதைப் பார்ப்பதற்கும் முன்னால் அந்த இரண்டு யோசனையையும் குப்பையில் போடுங்கள். ஆர்சிசிபியைத் தாண்டி லைன் இழுப்பது ஆளைக் கொல்லும். சேஃப்டி வால்வை அடைப்பது டேங்கையே வெடிக்க வைக்கும். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டு, இப்போதுதான் நிதானமாக எழுதுகிறேன். 27 வருடம் கீசர் ரிப்பேர் பார்த்தவன் நான். இப்போது முழங்கால் ஏணி ஏற விடுவதில்லை, வாய் மட்டும் ஓயவில்லை.

உங்கள் கீசருக்கு நான்கு நோய் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ எல்லாம் உப்பில் ஆரம்பித்ததாகத்தான் படுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு, தண்ணீர் சூடாகும்போது கரைசலிலிருந்து பிரிந்து கெட்டியாகப் படியும். எங்கே சூடு அதிகமோ அங்கே அதிகமாகப் படியும். கீசருக்குள் அதிகச் சூடு காயில் மேல்தானே? அதனால் காயிலைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். 60 டிகிரிக்கு மேல் வைத்து ஓட்டுகிற வீடுகளில் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்த ஓட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து, நீராவிக் குமிழாகி வெடிக்கிறது. நீங்கள் கேட்கிற கூழாங்கல் சத்தம் அதுதான்.

விளக்கு சீக்கிரம் அணைவதும் இதே கதைதான். சூட்டைப் பார்த்து கரண்டை வெட்டுகிற தெர்மோஸ்டாட்டின் முனை ஒரு மெல்லிய குழலுக்குள் காயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் சேர்த்து உப்பு மூடிவிட்டால், காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் அந்தக் குழலைச் சுட வைக்கும். தெர்மோஸ்டாட் பாவம், டேங்க் முழுக்கச் சூடாகிவிட்டது என்று நம்பி வெட்டிவிடும். உள்ளே இருக்கிற தண்ணீரோ வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். போதாததற்கு உதிர்ந்த உப்பு அடியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 25 லிட்டர் டேங்கில் 25 லிட்டர் தண்ணீர் இருக்காது.

இப்போது டிரிப்புக்கு வருவோம். காயில் என்பது வெறும் கம்பி இல்லை. வெளியே ஒரு உலோகக் குழல், நடுவில் சூடாகும் கம்பி, இரண்டுக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தப் பொடி சூட்டை விடும், மின்சாரத்தை விடாது. உப்பு ஓட்டுக்குள் வெந்து வெந்து வெளிக்குழலில் மயிரிழை விரிசல் விட்டால் ஈரம் பொடிக்குள் இறங்கும். அப்புறம் அது மின்சாரத்தையும் விட ஆரம்பிக்கும். குளிர்ந்திருக்கும்போது விரிசல் மூடியிருக்கும், சூடானதும் விரியும். பத்து நிமிடம் கழித்து விழுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். எம்சிபி என்கிற இன்னொரு சுவிட்ச் விழுந்தால் லோடு அதிகம் அல்லது ஷார்ட். ஆர்சிசிபி விழுந்தால் மின்சாரம் வேறு வழியாக, எர்த்துக்கோ ஆள் மேலோ, கசிகிறது என்று அர்த்தம். வீட்டில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் வகையாக இருக்கும். அது சென்சிட்டிவாக இருப்பதற்காகத்தான் அதை வாங்கி மாட்டுகிறோம். உங்கள் அப்பா இருட்டில் நின்று கத்தினாரே, அந்தச் சத்தம் கேட்டதே அது விழுந்ததால்தான்.

சொட்டு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். சேஃப்டி வால்வு சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது நோயே இல்லை. தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் சுமார் 1.4 சதவீதம் விரியும். 25 லிட்டருக்கு அது கிட்டத்தட்ட 350 மில்லி. உள்ளே வரும் வழியில் திரும்பிப் போக விடாத வால்வு இருப்பதால், அந்த 350 மில்லி போக ஒரே வாசல் சேஃப்டி வால்வுதான். அதில் பிளக் போட்டால் அந்த அழுத்தம் எங்கே போகும்? டேங்க் பக்கவாட்டில் உப்பி, உறை பிளந்து நின்ற கீசரை நானே கழற்றியிருக்கிறேன். அந்த வீட்டில் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வெட்டியதால் அதோடு போயிற்று. அதுவும் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை.

கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காயில், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் (இடுக்கில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையம்), வால்வு எல்லாம் பாகங்கள், மாற்றலாம். டேங்க் ஓட்டையானால் வைத்தியம் கிடையாது.

முதலில் கீசரின் கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை பார்க்கக் கூடாது. பிளக் இல்லாமல் நேராக வயர் கொடுத்திருந்தால் மெயினை இறக்கிவிட்டு டெஸ்டர் வைத்துப் பாருங்கள். கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் வட்டமான தகடு ஒன்று போல்ட்டுகளோடு தெரியும், அதுதான் ஃபிளாஞ்ச். எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடையுங்கள். தண்ணீர் வரும் குழாய், போகும் குழாய், வால்வு, ஃபிளாஞ்ச் விளிம்பு என்று ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், எது முதலில் நனைகிறது என்று. ஃபிளாஞ்சைச் சுற்றி நனைந்தால் கேஸ்கெட் போயிருக்கிறது, சின்ன வேலை. அதற்கும் வெளியே, டேங்குக்கும் உறைக்கும் நடுவே இருக்கிற மஞ்சள் ஃபோம் விளிம்பிலிருந்து துரு நிறத்தில் ஈரம் வந்தால் கதை முடிந்தது.

கூடவே ஒரு வெள்ளை மக்கில் சுடுதண்ணீர் பக்கம் ஒரு பிடி, பச்சைத்தண்ணீர் பக்கம் ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். இரண்டும் பழுப்பு என்றால் வீட்டுக் குழாயில் துரு. சுடுதண்ணீர் மட்டும் பழுப்பு என்றால் டேங்கில்.

காயிலின் இரண்டு முனையிலிருந்தும் வயரைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். பிறகு ஒரு முனைக்கும் டேங்கின் உலோகத்துக்கும் நடுவே பாருங்கள். வயர் எது எங்கே இருந்தது என்று முன்னாலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எண்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

நாலாம் மாடி

ஐயா, மிக்க நன்றி. சனிக்கிழமை முழுக்க இதுதான் வேலை. நீங்கள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

குழாய் இணைப்பு இரண்டிலும் பேப்பர் காய்ந்தே இருந்தது. வால்வில் சுற்றிய பேப்பரும் காய்ந்திருந்தது. ஃபிளாஞ்ச் விளிம்பில் முன்பக்கம் ஈரமில்லை. பின்பக்கம், சுவரை ஒட்டினாற்போல, ஃபோம் விளிம்பில் விரலை வைத்தால் செங்கல் பொடி நிறத்தில் ஒட்டியது. மூடியின் உட்புறத்திலும் அதே நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தால் இது இன்று நேற்று ஆரம்பித்ததாகத் தெரியவில்லை.

மக்கில் பிடித்ததில் பச்சைத்தண்ணீர் தெளிவு. சுடுதண்ணீர் லேசான தேநீர் நிறம், அடியில் வெள்ளையாக மணல் போல ஏதோ தங்கியது.

காயில் இரண்டு முனைக்கும் நடுவே 27 ஓம். முனைக்கும் டேங்குக்கும் நடுவே பார்த்தபோது எண் நிலையாக நிற்கவில்லை. 60 கிலோ ஓம், 45, 70 என்று ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு ஆர்வத்தில் எல்லா வயரையும் திரும்ப மாட்டி, மூடியைப் போட்டு, சுவிட்சைப் போட்டேன். டிரிப் ஆனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூட்டோடு சூடாக மறுபடி அளந்தேன். 5 கிலோ ஓம் அக்கம்பக்கம் வந்தது. சூடாகும்போது வால்வும் சொட்டியது, அது நீங்கள் சொன்னபடிதான்.

27 ஓம் நல்ல எண்ணா, கெட்ட எண்ணா?

பழைய ஸ்பேனர்

அருமையாக அளந்திருக்கிறீர்கள் தம்பி. சூடாக ஒரு தடவை, ஆறி ஒரு தடவை அளக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, நீங்களே செய்துவிட்டீர்கள். என்னோடு வேலை பார்த்த பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆறு மாதம் ஆகும்.

27 ஓம் நல்ல எண். 230 வோல்ட்டை 230 வோல்ட்டால் பெருக்கி 2000 வாட்டால் வகுத்தால் 26.5 வரும். ஆகக் கம்பி அறுபடவில்லை. அறுந்திருந்தால் மீட்டர் எண்ணே காட்டாது. அறுந்த காயிலோடு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. "விளக்கு எரியுதே, காயில் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பல மாடல்களில் அந்த விளக்கு காயிலுக்கு இணையாகத்தான் இணைத்திருக்கும், காயிலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

டேங்குக்கும் முனைக்கும் நடுவே எண்ணே வரக் கூடாது. உங்களுக்கு ஆறியபோது 60 கிலோ ஓம். 230 வோல்ட்டில் அது சுமார் 4 மில்லி ஆம்பியர் கசிவு, ஆர்சிசிபி கண்டுகொள்ளாது. சூட்டில் 5 கிலோ ஓம், அதாவது 46 மில்லி ஆம்பியர். 30ஐத் தாண்டினால் விழ வேண்டும், விழுகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. எங்களிடம் இதற்கு மெகர் என்று ஒரு மீட்டர் உண்டு, 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும். மல்டிமீட்டரின் சின்ன பேட்டரியில் தெரியாத கசிவும் அதில் தெரிந்துவிடும். உங்களுக்கு மல்டிமீட்டரிலேயே தெரிகிறது என்றால், காயில் அவ்வளவு மோசம்.

காயில் மட்டும் போயிருந்தால், காயில், தெர்மோஸ்டாட், கேஸ்கெட், டேங்கைத் துருவிலிருந்து காக்கிற மெக்னீசியம் ராடு நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லியிருப்பேன். அந்தச் செங்கல் நிறக் கோடுதான் முடிவைச் சொல்லிவிட்டது. டேங்கில் ஓட்டை. வெல்டிங் வைத்தால் என்ன என்று யாராவது வருவார்கள். உள்ளே எஃகின் மேல் கண்ணாடி மாதிரி எனாமல் பூச்சு இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தப் பூச்சு சுற்றிலும் பொரிந்து உதிரும். ஒரு ஓட்டையை அடைத்து நாலு ஓட்டைக்கு வழி பண்ணினது போல ஆகும்.

கொடிக்கயிறு சொன்னதும் இதுதான், புதுசு வாங்கச் சொன்னார். முடிவு ஒன்றுதான். ஆனாலும் பார்க்காமல் மாற்றியிருந்தால், புதுசையும் இதே மாதிரி 11 வருடம் தொடாமல் விட்டிருப்பீர்கள்.

மெக்னீசியம் ராடு பற்றி அப்புறம் விவரமாக எழுதுகிறேன். பேத்தி கூப்பிடுகிறாள்.

ஈரச் சுவர்

வெல்டிங் மட்டுமில்லை, எபாக்ஸிப் பசையும் வேண்டாம். நான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தவன். உறையை வெட்டி, ஃபோமைச் சுரண்டி, ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசையை வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். அழகாக நின்றது, மூன்று வாரம். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. ஃபோமைச் சுரண்டியதால் சுடுதண்ணீரும் சீக்கிரம் ஆறியது.

அதைவிடப் பெரிய கதை புதுசு மாட்டிய அன்று நடந்தது. சரியாக நடக்கிறதா பார்ப்போம் என்று, தண்ணீர் நிரம்புவதற்குள் ஆர்வத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. புதுக் காயில், பெட்டி பிரித்த அன்றே போயிற்று. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகக் கொட்டும் வரை சுவிட்ச் பக்கமே போகாதீர்கள். என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறாள்.

நாலாம் மாடி

சரி, மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டோம். இப்போது வீட்டில் வேறு விவாதம். தம்பி "டேங்கே வேண்டாம், இன்ஸ்டன்ட் வாங்கிடு, திறந்தவுடன் சுடுதண்ணீர், ஓட்டையாக டேங்கே இல்லை" என்கிறான். பேச்சில் நியாயம் இருப்பது போலத்தான் தெரிகிறது. வீட்டில் நான்கு பேர், இரண்டு பேர் ஷவர்.

கணக்குப்பிள்ளை

உங்கள் தம்பிக்குக் கணக்கில் பதில் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோ ஜூல் வேண்டும். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 6 லிட்டராவது வரும். 20 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஓடும்போதே சூடாக்க 8.4 கிலோவாட் தேவை. சின்ன இன்ஸ்டன்ட் ஹீட்டர்கள் 3 கிலோவாட். அதே 20 டிகிரி ஏற்றம் வேண்டுமென்றால் அதில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்தான் வரும். கை கழுவவும், பாத்திரம் துலக்கவும் அருமை. ஷவருக்கு அடியில் நின்று அந்த நூலுக்காகக் காத்திருக்க முடியாது. 8, 9 கிலோவாட் வகையும் இருக்கிறது. ஆனால் 230 வோல்ட்டில் அது 35 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு மீட்டரிலிருந்தே தனி வயர், தனி எம்சிபி வேண்டும். இப்போதுள்ள 2000 வாட் கீசர் இழுப்பது 9 ஆம்பியருக்கும் குறைவு.

டேங்க் வகை 25 லிட்டர், 2000 வாட் என்றால் 25லிருந்து 60 டிகிரிக்குப் போக அரை மணி நேரம் ஆகும். அந்தத் தண்ணீரை 25 டிகிரித் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கணக்குப்படி 58 லிட்டர். உள்ளே புதுத் தண்ணீர் வந்து கலந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் 45, 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷவரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் ஏழெட்டு நிமிடம். நான்கு பேருக்கு 25 லிட்டரே போதும், அடுத்தடுத்து நுழையாமல் இடைவெளி விட்டால்.

இடமும் பொறுமையும் இருந்தால் ஹீட் பம்ப் பற்றி யோசிக்கலாம். காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால், செலவாகும் மின்சாரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு சூடு கிடைக்கும். ஆனால் மெதுவாகத்தான் சூடாகும், குளியலறைச் சுவரில் மாட்டுகிற சாமானும் இல்லை.

பழைய ஸ்பேனர்

பிள்ளை கணக்கு சரி. நான் ராடு பாக்கியை முடிக்கிறேன்.

எனாமல் பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்காவது ஊசிமுனை அளவு இடைவெளி இருக்கும். அந்த இடத்தில் எஃகு துருப்பிடிக்க வேண்டும். பக்கத்திலேயே மெக்னீசியம் தண்ணீரில் முங்கியிருந்தால், எஃகுக்குப் பதிலாக அது கரையும். தன்னைக் கரைத்துக்கொண்டு டேங்கைக் காப்பாற்றுகிற கம்பி அது. அதனாலேயே ஒருநாள் தீர்ந்துவிடும். உப்புத் தண்ணீராக இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கீசரில் விலை குறைந்த பாகங்களில் இதுவும் ஒன்று. ஆனால் 27 வருடத்தில் "ராடைப் பாருங்கள்" என்று அவர்களாகவே கூப்பிட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லோரும் கூப்பிடுவது ஒழுக ஆரம்பித்த பிறகுதான். சுடுதண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது என்று சிலர் கூப்பிடுவார்கள். தண்ணீரில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவும் இந்த ராடும் சேர்ந்து செய்கிற வேலை அது, அப்போதும் ராடைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. அலுமினியம் துத்தநாகம் கலந்த ராடு போட்டுப் பார்க்கலாம்.

வாங்கும்போது, ஃபிளாஞ்சைக் கழற்றாமல் ராடை மட்டும் தனியாகக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். மாட்டும்போது கீழே, காயிலை இறக்கி எடுக்கிற அளவுக்கு இடம் விடச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளித்து வைத்த கீசர்களைக் கழற்றி எனக்குக் கழுத்தே போயிற்று. தண்ணீர் நிரம்பினால் 35 கிலோவுக்கு மேல் தொங்கும், ஆகவே போல்ட் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ இறங்க வேண்டும். வெறும் பூச்சில் நிற்காது. கீசருக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவே திறந்து மூடும் குழாய் எதுவும் வரக் கூடாது. பழைய வால்வைத் துடைத்து மறுபடி மாட்டவும் கூடாது. சுடுதண்ணீர்ப் பக்கத்தில் சாதாரண பிவிசி இருந்தால் இப்போதே சூடு தாங்கும் சிபிவிசியாக மாற்றிவிடுங்கள்.

பிளக்கையும் சாக்கெட்டையும் கழற்றிப் பாருங்கள். 11 வருடம் ஓடிய சாக்கெட்டில் பின் தளர்ந்து, பிளாஸ்டிக் பழுப்பேறி இருக்கும். புது கீசரை அதில் சொருகாதீர்கள்.

சூடு 60 டிகிரியில் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் உப்பு. ரொம்பக் குறைத்து 40, 45 என்று நாள்கணக்கில் வைத்திருந்தால் டேங்கில் கிருமி வளரும், லெஜியோனெல்லா என்பார்கள், நுரையீரலைத் தாக்குவது. ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். அப்பா முதலில் பச்சைத்தண்ணீரைத் திறந்துவிட்டு அப்புறம் சுடுதண்ணீரைத் திறக்கட்டும்.

கொடிக்கயிறு

இவ்வளவு இருக்கிறதா! என் வீட்டு கீசருக்கு 7 வருடம் ஆகிறது. சத்தமில்லாமல் போய் மூடியைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன்.

பழைய ஸ்பேனர்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

நாலாம் மாடி

மாட்டியாகிவிட்டது. எல்லோருக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

பழையதைக் கழற்றுவதற்கு முன் தண்ணீரை வடித்தோம். முழுக்க வடிந்தது என்று நினைத்து இரண்டு பேர் தூக்கினால் தூக்க முடியவில்லை. கீழே இறக்கிக் கவிழ்த்தபோது உடைந்த சுண்ணாம்புக் காரை மாதிரி சில்லு சில்லாகக் கொட்டியது, அரை வாளிக்கு. ஃபிளாஞ்ச் போல்ட் இரண்டு துருப்பிடித்து முறிந்தே போயிற்று. அதாவது காயிலை மட்டும் மாற்ற நினைத்திருந்தாலும் திரும்ப மூடியிருக்க முடியாது. காயிலைப் பார்த்தால் அது காயில் மாதிரியே இல்லை, மரக்கிளையில் கறையான் புற்று ஏறியது போல இருந்தது. ராடு இருந்த இடத்தில் மெல்லிய எஃகுக் கம்பி மட்டும் மிச்சம். மெக்னீசியம் எப்போது தீர்ந்ததோ! அதற்கப்புறம் டேங்க் தன்னைத்தானே தின்றுகொண்டு எங்களைக் குளிப்பாட்டியிருக்கிறது.

பழைய ஓட்டைகள் புது கீசருக்குப் பொருந்தவில்லை, புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. சாக்கெட் நீங்கள் சொன்னபடியே ஒரு பக்கம் கருகியிருந்தது, மாற்றிவிட்டோம். ஆர்சிசிபி இருந்த இடத்திலேயே இருக்கிறது, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன், விழுந்தது. ஈரச் சுவர் சாருடைய கதையைக் கேட்டிருந்ததால் தண்ணீர் சீராகக் கொட்டி ஐந்து நிமிடம் ஆகியும் எனக்குச் சுவிட்சைப் போடத் தைரியம் வரவில்லை. தம்பிதான் போட்டான்.

பழைய ஸ்பேனர்

சந்தோஷம் தம்பி. சேஃப்டி வால்விலிருந்து வடியும் குழாயை எங்கே விட்டிருக்கிறீர்கள்? வாய் திறந்திருக்கிறதா? ராடு மாட்டின தேதியை எங்காவது எழுதினீர்களா?

நாலாம் மாடி

குழாயைச் சரிவாக இறக்கி, வடிகால் பக்கம் வாய் திறந்தே விட்டிருக்கிறோம். தேதியை மார்க்கரில் கீசரின் வயிற்றிலேயே பெரிதாக எழுதிவிட்டேன். அடியில் "ராடு பார்க்க" என்று போட்டு இரண்டு வருடம் தள்ளி இன்னொரு தேதி. அழகைக் கெடுத்துவிட்டாய் என்று திட்டு வாங்கினேன்.

முதல் நாள் ராத்திரி அப்பா பதறிப்போய் எழுப்பினார், புதுசும் சொட்டுகிறது என்று. கையில் மக்கோடு நின்றிருந்தார், சொட்டியதைப் பிடித்து வைத்திருக்கிறார். வாங்கி அளந்து பார்த்தேன். 300 மில்லிக்குக் கொஞ்சம் மேல்.